தேர்ந்தெடுத்து வளர்த்த மீனும் அதன் தீவனமும்

கொடைக்கானல் ஏரியில் வளரும் கண்ணாடிக் கெண்டை இயற்கை தானாக உருவாக்கிய மீன் அன்று. அதன் உடலில் செதில்கள் சீராகப் படர்ந்திருப்பதில்லை. முதுகுத் துடுப்பை ஒட்டி ஒரு வரிசை, வாலடியிலும் செவுள் மூடியின் பின்னாலும் சில திட்டுகள் என்று பெரிய செதில்கள் பளபளக்கும்; மற்ற இடமெல்லாம் வெறுந்தோல். ஐரோப்பியக் குளங்களில் பல தலைமுறைகளாகச் சினைமீன்களைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தவர்கள் சாதாக் கெண்டையிலிருந்து பிரித்தெடுத்த வகை இது. சமையலுக்கு முன் செதில் சுரண்டும் வேலை குறையும் என்பதுதான் அதற்குக் கிடைத்த முதல் மதிப்பு. 1939-இல் இலங்கையிலிருந்து உதகமண்டலம் ஏரிக்கு வந்து, பின்னர் கொடைக்கானல் உள்ளிட்ட தமிழக மலை ஏரிகளிலும் வடக்கே குமாவூன் மலைகளிலும் பரவியது.

இந்தச் செதில் அமைப்பை இரண்டு மரபணுக்கள் ஆள்கின்றன. ஒன்றில் ஏற்பட்ட மாற்றம் தாய், தந்தை இரு வழியிலும் குஞ்சுக்கு வந்தால் கண்ணாடிக் கெண்டை பிறக்கிறது. இரண்டாவது மரபணுவின் மாற்றம் ஒரு பிரதியாக வந்து சேர்ந்தால் செதில்கள் பக்கக்கோட்டை ஒட்டிய ஒரே வரிசையாகச் சுருங்கும், அல்லது ஏறக்குறைய முற்றிலும் மறையும். அதே மாற்றம் இரண்டு பிரதிகளாக வந்தால் கரு பிழைப்பதில்லை. ஒரு பிரதி உள்ள மீன்களும் வளர்ச்சியில் பின்தங்குகின்றன. துடுப்புகளும் செவுள் இழைகளும் குறைபடுகின்றன. சோவியத் மரபியலாளர் கிர்ப்பிச்னிக்கோவும் அவரது சமகாலத்தவரும் விரிவாக ஆராய்ந்த இந்தக் கணக்கு, ஒரு தன்மையைத் தேடிப் போகிறவர் கேட்காத வேறு தன்மைகளையும் சேர்த்தே பெறுகிறார் என்பதை மீன் வளர்ப்புக்கு முதலில் உணர்த்தியது. கண்ணாடிக் கெண்டையின் மாற்றம், செதில் வளர்ச்சிக்குச் சைகை தரும் ஒரு வளர்ச்சிக் காரணியின் ஏற்பியில் நிகழ்ந்தது என்பது 2009-இல் தெரியவந்தது. அந்த ஏற்பி மரபணு கெண்டையில் இரட்டிப்பாக இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று உயிரைக் காக்கிறது.

இப்படிப் பொறுக்கி எடுத்த மீன் மனிதர் கையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு மடகாஸ்கர் ஒரு விடை தருகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே கொண்டுபோன கண்ணாடிக் கெண்டைகள் ஆறுகளில் தப்பிப் பெருகின. இன்று அவற்றின் வழித்தோன்றல்கள் பலவற்றில் உடல் முழுதும் செதில் மூடியிருக்கிறது. பழுதான மரபணு பழுதாகவே இருக்க, வேறு மரபணுக்களின் வழியே இயற்கைத் தேர்வு செதிலை மீட்டுக் கொடுத்திருக்கிறது.

கொடைக்கானல் அமைந்த பழனி மலைக்கு இது தொலைவிலுள்ள செய்தி அன்று. மதுரை ஆட்சியராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் அமைத்த கொடைக்கானல் ஏரி நிரம்பி வழியும் நீரே செண்பகனூரை ஒட்டி வெள்ளி அருவியாக விழுந்து மலையிறங்குகிறது. ஏரியில் விடும் எந்த மீனுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. கெண்டை சேற்றைக் கிளறி இரை தேடும் மீன். நீரைக் கலக்கி அடிமண்ணிலுள்ள பாஸ்பரஸை மேலே கொண்டுவரும். மேம்படுத்திய வகை அதையே இன்னும் பெரிய பசியோடு செய்யும். செண்பகனூரின் திருஇருதயக் கல்லூரி 1895 முதல் இந்த மலையின் உயிரினங்களைச் சேகரித்துவரும் இடம். பழனி மலைத் தாவரங்களுக்கு மாத்யூ பாதிரியார் முழுமையான தாவரநூல் எழுதினார். ஓடை மீன்களுக்கும் அதே அளவு கவனத்தோடு ஒரு கணக்கெடுப்பு முடியாமல் புதிய மீன் வகை எதையும் இந்த மலை நீரில் விடுவது சரியாகாது.

தேர்வு இனப்பெருக்கம் எப்படி நடக்கிறது

ஆடு மாடுகளோடு ஒப்பிட்டால் மீனில் தேர்வு எளிது, தவறுவதும் எளிது. ஒரு கிலோ எடையுள்ள கெண்டைப் பெட்டை லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். ஆயிரக்கணக்கான குஞ்சுகளிலிருந்து சிறந்த சிலவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதால் ஒவ்வொரு தலைமுறையிலும் கிடைக்கும் முன்னேற்றம் பெரிது. பால்மாட்டிலும் பன்றியிலும் ஆண்டொன்றுக்குச் சில விழுக்காடு கிடைப்பதே அரிது. மீனில் ஒரு தலைமுறைக்கு 10 முதல் 15 விழுக்காடு வளர்ச்சி கூடுவது பல இனங்களில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அதே காரணத்தால் இரண்டு பெட்டைகளை வைத்தே ஒரு பொரிப்பகம் வட்டாரம் முழுதுக்கும் குஞ்சு கொடுத்துவிட முடியும். அடுத்த ஆண்டு அந்தக் குஞ்சுகளிலிருந்தே சினைமீன் எடுத்தால் உடன்பிறந்தவை தமக்குள்ளேயே இணைகின்றன. வளர்ச்சி குன்றுகிறது, நோய் எளிதில் தாக்குகிறது.

ஆகவே ஒழுங்கான திட்டத்தில் முதல் வேலை பல இடங்களின் மீன்களைச் சேர்த்து அகன்ற அடித்தளம் அமைப்பது. அடுத்தது, எந்தக் குஞ்சு எந்தத் தாய் தந்தைக்குப் பிறந்தது என்று பதிவு வைப்பது. குஞ்சு மிகச் சிறிதாக இருக்கும்போது அடையாளம் இட முடியாது. அதனால் ஒவ்வொரு குடும்பத்தையும் தனித் தொட்டியிலோ தனி நாற்றங்கால் குளத்திலோ வளர்த்து, சில கிராம் எடை வந்த பிறகு வயிற்றறைக்குள் அரிசி மணியளவு மின்னணுக் குறியைச் செலுத்துவார்கள். குறி இட்டபின் எல்லாக் குடும்பங்களும் ஒரே குளத்தில் கலந்து வளரும். அறுவடையில் கருவி ஒவ்வொரு மீனின் எண்ணையும் படித்துச் சொல்ல, எடை எழுதப்படும். உறவுகள் அனைத்தையும் கணக்கில் கொண்டு ஒவ்வொரு மீனின் இனப்பெருக்க மதிப்பும் கணிக்கப்படும். மீன்களில் வளர்ச்சியின் மரபுவழிப் பங்கு பெரும்பாலும் 0.2 முதல் 0.4 வரை அமைகிறது. மீதி வேறுபாடு குளமும் தீவனமும் தருவது.

இந்த முறையை மீனுக்குப் பெரிய அளவில் கொண்டுவந்தது நார்வே. 1970-களின் தொடக்கத்தில் டிரிக்வே யெட்ரமும் அவருடன் பணியாற்றியவர்களும் நார்வேயின் ஏறத்தாழ 40 ஆறுகளிலிருந்து சால்மன் முட்டைகளைச் சேர்த்துக் குடும்பத் தேர்வைத் தொடங்கினார்கள். ஐந்து தலைமுறை தேர்வுக்குப் பின் மேம்பட்ட மீன்களையும் ஆற்று மீன்களையும் ஒன்றாக வளர்த்துப் பார்த்த ஆய்வு 1999-இல் வெளியானது. மேம்பட்ட மீனின் வளர்ச்சி இரு மடங்குக்கு மேல். அது தின்ற தீவனமோ 40 விழுக்காடுதான் கூடுதல். தீவனத்தை உடலாக மாற்றும் திறன் 20 விழுக்காடு உயர்ந்திருந்தது. வேகமாக வளரும் மீன் அதிகம் தின்பதால் மட்டும் வளரவில்லை, தின்றதை வீணாக்காமலும் வளர்கிறது என்பதற்கு இது வலுவான சான்று.

கெண்டைக் குளங்களில் நடந்தது

இந்தியாவில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஓடும் ஆற்றில் பருவமழையில்தான் முட்டையிடும். தேங்கிய குளத்தில் இடாது. ஹீராலால் சௌத்ரி 1957 ஜூலை 10 அன்று பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகச் செலுத்தி அவற்றைக் குளத்துச் சூழலிலேயே முட்டையிட வைத்தார். மீன் விவசாயிகள் நாளாக அந்தத் தேதியே கொண்டாடப்படுகிறது. நாட்டின் நன்னீர் மீன் உற்பத்தி இதனால்தான் உயர்ந்தது. ஆற்றிலிருந்து ஆண்டுதோறும் வந்த புதிய இரத்தம் நின்றுபோனதும் இதனால்தான். 1990-இல் ஏக்நாத், டாயில் இருவரும் கர்நாடகப் பொரிப்பகங்களை ஆராய்ந்தபோது, சினைமீன் எண்ணிக்கை குறைவாலும் தேர்வு முறையாலும் ஒரு தலைமுறையில் உள்ளினச் சேர்க்கை 2 முதல் 17 விழுக்காடு வரை கூடுவதாகக் கணக்கிட்டார்கள். பெரிய மீன்களை வேகமாக விற்றுவிட்டு, விலைபோகாமல் தங்கியவற்றைச் சினைமீனாக்கும் பழக்கம் இருக்கும் இடத்தில் தேர்வு தலைகீழாகவே நடக்கிறது. நல்ல விதைநெல்லை விற்றுவிட்டுச் சாவியை விதைக்கிற விவசாயி இல்லை. மீனில் அது பல ஆண்டுகள் கவனிக்கப்படாமலே போயிற்று.

இதற்கு மாற்றாக எழுந்தது புவனேசுவரம் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ரோகு திட்டம். நார்வே நிபுணர்களின் துணையோடு 1992-இல் தொடங்கிய அத்திட்டத்துக்குக் கங்கை, யமுனை, கோமதி, சட்லஜ், பிரம்மபுத்திரா ஆறுகளின் ரோகுகளும் பண்ணை ரோகுவும் அடித்தளமாயின. நாட்டு விடுதலையின் பொன்விழா ஆண்டான 1997-இல் வெளியான அந்த மீனுக்கு ‘ஜெயந்தி’ என்று பெயரிட்டார்கள். தலைமுறைக்குச் சராசரியாக 17 விழுக்காடு வளர்ச்சி கூடியது. வளர்ச்சியோடு நிற்காமல் ஏரோமோனாஸ் பாக்டீரியா நோயைத் தாங்கும் தன்மையும் பின்னர் தேர்வில் சேர்க்கப்பட்டது. அடுத்து கட்லாவிலும் நன்னீர் இறாலிலும் இதே நிறுவனம் திட்டங்களை நடத்தியது.

சாதாக் கெண்டையின் சிக்கல் வேறு வகை. இந்தியச் சமவெளியின் வெப்பத்தில் அது ஓராண்டுக்குள்ளேயே, சிறிய உடலோடு சினை பிடிக்கிறது. தசைக்குப் போக வேண்டிய தீவனம் முட்டைக்குப் போகிறது. கர்நாடகத்தின் ஹெசரகட்டா ஆய்வு மையம் ஹங்கேரியிலிருந்து அமூர் வகைக் கெண்டையை வருவித்துச் சோதித்ததற்கு இதுவே காரணம். தாமதமாகச் சினைப்படும் அந்த வகை உள்ளூர்க் கெண்டையைவிட வேகமாக வளர்ந்தது.

தமிழகத்தில் மிகுதியாகப் பேசப்படுவது திலேப்பியா. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலேப்பியாதான் ஊர்க்குளங்களின் ஜிலேபிக் கெண்டை. பழனி மலையின் மேற்கடிவாரத்தில் அமராவதி அணை நீரில் அதுவே முதன்மை மீனாகிவிட்டது. இரண்டு மூன்று மாதத்தில் குஞ்சு பொரித்துக் குளமெங்கும் சிறுமீனாக நிரம்பும் இந்த மீனுக்கு எதிரான வெறுப்பே, இன்று மேம்படுத்திய நைல் திலேப்பியாவை எதிர்கொள்வோர் மனதிலும் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய ‘கிஃப்ட்’ திட்டம் எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளின் காட்டுத் திலேப்பியாக்களையும் ஆசியாவில் ஏற்கெனவே வளர்ப்பிலிருந்த நான்கு வகைகளையும் கலந்து அடித்தளம் அமைத்தது. தலைமுறைக்கு 12 முதல் 17 விழுக்காடு வளர்ச்சி கிடைத்தது. இதில் அயல் மரபணு எதுவும் புகுத்தப்படவில்லை. இணைகளைத் தேர்ந்தெடுத்ததே முழு வேலையும். சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ்காந்தி மீன்வளர்ப்பு மையம் இந்த மீனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அரசுப் பொரிப்பகம் அதன் குஞ்சுகளை உற்பத்தி செய்கிறது.

தீவனம்: தொட்டியிலும் குடலிலும்

கெண்டைக்கு இரைப்பை கிடையாது. தொண்டையிலுள்ள பற்களால் அரைத்த உணவு நேராகக் குடலுக்குள் போகிறது. அமிலத்தில் ஊறும் கட்டமே இல்லை. அதனால் மீன்தூளில் எலும்பாக இருக்கும் பாஸ்பரஸைக் கெண்டையால் சரியாகக் கரைத்து எடுக்க முடியாது. இரைப்பை உள்ள டிரவுட்டும் திலேப்பியாவும் அதையே நன்றாகப் பயன்படுத்துகின்றன. தவிடும் புண்ணாக்கும் தரும் பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட் என்னும் சேர்மமாகப் பூட்டப்பட்டிருக்கிறது. பைட்டேஸ் நொதியைச் சேர்த்தால்தான் மீனுக்குக் கிட்டும். சேர்க்காவிட்டால் எலும்பு வலுவிழக்கும், கிட்டாத பாஸ்பரஸ் எல்லாம் குளத்தில் பாசியாகும். குளத்துத் தண்ணீர் பச்சையாவதற்கும் தீவனக் கணக்குக்கும் உள்ள உறவு இதுதான்.

புரதத் தேவையும் இனத்துக்கு இனம் மாறும். வளரும் கெண்டைக்குத் தீவனத்தில் 30 முதல் 35 விழுக்காடு புரதம் போதும். டிரவுட்டுக்கு 40-ஐ ஒட்டி வேண்டும். வெறும் அளவு போதாது, அமினோ அமிலங்களின் சமநிலையும் வேண்டும். கடலைப் புண்ணாக்கில் லைசினும் மெத்தியோனினும் குறைவு; பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் காசிபால் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. ஈரத்தில் வைத்த புண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் உண்டாகும். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொரிப்பகங்களில் வானவில் டிரவுட்டுகளுக்குக் கூட்டம் கூட்டமாகக் கல்லீரல் புற்றுநோய் வந்தபோது, தீவனத்தில் சேர்த்த பருத்திக்கொட்டை மாவில் இருந்த அஃப்ளாடாக்சினே காரணம் என்று தெரியவந்தது. மலைக்காற்றின் ஈரத்தில் தீவன மூட்டைகளை வைத்திருக்கும் எவருக்கும் இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

கொழுப்பில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. டிரவுட்டுக்கு ஒமேகா-3 கட்டாயம்; திலேப்பியாவுக்கு ஒமேகா-6 முக்கியம்; கெண்டைக்கு இரண்டும் தேவை. நன்னீர் மீன்கள் ஆளிவிதை போன்ற தாவர எண்ணெயிலுள்ள குறுகிய ஒமேகா-3 அமிலத்தை நீட்டி, இதயத்துக்கு நல்லதென்று மருத்துவர் சொல்லும் நீண்ட வடிவமாக ஓரளவு மாற்றிக்கொள்ளும். கடல் மீன்கள் பெரும்பாலானவற்றால் அது இயலாது. மாவுச்சத்து மிகுந்த தவிட்டையும் தானியத்தையும் மட்டும் தின்ற கெண்டைக்கோ வயிற்றில் கொழுப்புக் கட்டிகள் சேரும், ஒமேகா-3 குறையும். செக் குடியரசின் தென் பொஹீமியப் பல்கலைக்கழகத்தார் ஆளிவிதையும் கடுகின எண்ணெய்வித்தும் கலந்த தீவனத்தால் ஒமேகா-3 மிகுந்த கெண்டையை உருவாக்கிச் சந்தைக்கும் கொண்டுவந்தார்கள்.

மரபும் தீவனமும் ஒன்றாக

இனப்பெருக்க வல்லுநரும் தீவன வல்லுநரும் நீண்ட காலம் தனித்தனியாக உழைத்தார்கள். சினைமீன்கள் உயர்தரத் தீவனம் தின்று தேர்வாயின. அவற்றின் குஞ்சுகள் தவிட்டுக் குளத்துக்குப் போயின. மீன்தூள் விலை ஏற ஏற இந்த இடைவெளி வெளிப்பட்டது. நார்வே சால்மன் தீவனத்தில் 1990-இல் மீன்தூளும் மீனெண்ணெயும் சேர்ந்து ஏறத்தாழ 90 விழுக்காடு. 2013-இல் 30 விழுக்காட்டுக்கும் குறைவு. பழைய தீவனத்தில் தேர்வான குடும்பங்கள் சோயா, கோதுமைத் தீவனத்திலும் முன்னணியில் நிற்குமா என்ற கேள்வி எழுந்தது. பிரான்சின் வேளாண் ஆய்வு நிறுவனம் டிரவுட்டிலும் கடல் கொடுவாயிலும், அமெரிக்காவின் ஐடஹோவில் டிரவுட்டிலும், முழுத் தாவரத் தீவனத்தில் மீன்களை வளர்த்துத் தேர்வு செய்த ஆய்வுகள் ஒரே திசையில் முடிவு தந்தன. சில குடும்பங்கள் தாவரத் தீவனத்தை நன்றாகவே ஏற்கின்றன. சில தலைமுறைகளில் அந்தத் திறன் கணிசமாக உயர்கிறது. எந்தத் தீவனத்தில் மீன் வளரப்போகிறதோ அந்தத் தீவனத்திலேயே தேர்வும் நடக்க வேண்டும் என்பதே இந்த ஆய்வுகள் காட்டும் வழி.

தீவனத் திறனை நேரடியாகத் தேர்வு செய்ய முடியாமல் போனதற்குக் காரணம் அளக்கும் சிரமம். பசு எவ்வளவு தின்றது என்று தொட்டியைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆயிரம் மீன்கள் பாயும் குளத்தில் எந்த மீன் எத்தனை உருண்டை விழுங்கியது என்று யார் எண்ணுவது? ஒரு முறையில் நுண்ணிய கண்ணாடி மணிகளைத் தீவனத்தில் கலந்து கொடுத்து, பின் மீனை மயக்கி எக்ஸ்ரே எடுத்து வயிற்றிலுள்ள மணிகளை எண்ணினார்கள். மற்றொன்றில் கிஃப்ட் திலேப்பியாவைச் சிறு கூட்டமாகக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, முதுகில் வெவ்வேறு வண்ணக் குறி கட்டி, உருண்டை உருண்டையாக இட்டு வீடியோவில் பதிந்து, ஒவ்வொரு மீனும் விழுங்கியதை எண்ணினார்கள். இந்தப் பொறுமையான வேலைக்குப் பலன் கிடைத்தது: தீவனத் திறன் மரபுவழி வரக்கூடியது, வளர்ச்சியிலிருந்து தனியாகவும் அதைத் தேர்வு செய்யலாம். மீன் வளர்ப்புச் செலவில் பாதிக்கும் மேல் தீவனத்துக்கே போகும் இந்தியக் குளங்களில் இத்தகைய அளவீடு ரோகுவிலும் கட்லாவிலும் தவிடு, புண்ணாக்குத் தீவனத்தோடு நடத்தப்பட வேண்டும். பெரிய மீனைத் தருவதைவிடக் குறைந்த தீவனத்தில் அதே மீனைத் தருவது சிறு விவசாயிக்கு அதிகம் உதவும்.

வெப்பநிலையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். புவனேசுவரத்தின் வெப்பத்தில் தேர்வான ரோகு ஏழாயிரம் அடி உயரக் குளிரில் தின்னவே மறுக்கும். டிரவுட்டுக்கோ 20 டிகிரிக்குமேல் நீர் சூடானால் மூச்சு முட்டும். நீலகிரியில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பவர் நிலைநிறுத்திய வானவில் டிரவுட் அவலாஞ்சிப் பொரிப்பகத்தில் நூற்றாண்டு கடந்தும் வாழ்கிறது. மலைக்கென்று தனித் தேர்வுத் திட்டம் நடத்த அத்தகைய பழகிய கூட்டமே நல்ல தொடக்கப்பொருள்; சமவெளியின் மேம்பட்ட குஞ்சை மலையேற்றிப் பார்ப்பது பணத்தையும் ஓடையையும் ஒருசேர வீணாக்கும்.

உண்பவர் தட்டில்

மேம்படுத்திய மீன் உண்பவருக்கு என்ன தருகிறது என்ற கேள்வி ஆய்வில் கடைசியாகத்தான் வந்தது. ஸ்காட்லாந்துப் பண்ணைச் சால்மனின் நீண்ட ஒமேகா-3 அளவு 2006-க்கும் 2015-க்கும் இடையே ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தார் 2016-இல் காட்டினார்கள். தீவனத்தில் மீனெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய் வந்ததே காரணம். மீனின் உருவமும் சுவையும் மாறவில்லை, ஊட்டம் மாறிவிட்டது. அதே ஸ்காட்லாந்து மீன்களில் நடந்த முந்தைய ஆய்வொன்று, ஒரே தீவனம் தின்றாலும் சில குடும்பங்கள் தசையில் அதிக ஒமேகா-3 தேக்குகின்றன என்றும், அந்த வேறுபாட்டில் மரபின் பங்கு மிகப் பெரிது என்றும் கண்டது. ஆக, எடையைப்போலவே ஊட்டத்தையும் தேர்வு செய்யலாம்.

தமிழக உணவில் இந்தக் கேள்வி ஒமேகா-3-ஓடு முடிவதில்லை. தேனி, மதுரை வட்டாரத்து அயிரை மீன் குழம்பில் மீன் முள்ளோடும் தலையோடும் முழுதாக வயிற்றுக்குள் போகிறது. எலும்பின் கால்சியமும் கூடவே போகிறது. ஐந்நூறு கிராம் திலேப்பியாவில் முள்ளும் தலையும் பெரும்பாலும் ஒதுக்கப்படும், சதை மட்டுமே உணவாகும். வங்கதேசத்தில் மோலா என்ற சிறுமீனை ஆராய்ந்தவர்கள் அதன் கண்ணிலும் குடலிலும் வைட்டமின் ஏ மிகுதியாக இருப்பதைக் கண்டு, கெண்டைக் குளத்தில் மோலாவையும் சேர்த்து வளர்க்கும் முறையைப் பரப்பினார்கள். கெண்டை விற்பனைக்கு, மோலா வீட்டுக்கு. மேம்படுத்திய ரோகுவை இருப்பு வைக்கும் தமிழகக் குளத்திலும் அயிரைக்கும் இடம் விடுவதை எந்தத் தேர்வுத் திட்டமும் தடுக்கவில்லை. ஆனால் சிறுமீனைக் களைமீன் என்று கொன்றுவிட்டுக் குஞ்சு இருப்பு வைப்பதே இன்னும் பரவலான நடைமுறை. சிறுமீன்களில் தேர்வு இனப்பெருக்க ஆய்வு தொடங்கக்கூட இல்லை எனலாம். வளர்ப்பு மீன் ஆய்வில் மிகக் குறைந்த செலவில் அதிகம் பேருக்கு ஊட்டம் சேர்க்கக்கூடிய வேலை அங்கேதான் காத்திருக்கிறது.